பர்மிய ஓவியமும் மேல்நாட்டார் பார்வையும்



உழவரும் உத்தியோகத்தரும் கூடியுள்ள இச்சபையில் பர்மிய ஓவியத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவலாம். உரிமையின் பொருளை அறிய விழையும் எவருக்கும் இவ்வரலாறு பயன்படும் என்பதே என் விடை.

தெயின் லின் என்பவர் சட்டம் பயின்ற பர்மிய ஓவியர். இராணுவ ஆட்சியினர் 1998 இல் அவரைச் சிறையிலடைத்தனர். 2004 இலேயே விடுவித்தனர். சிறையில் தூரிகை ஏது? கைதிகளின் வெள்ளைப் பருத்தியாடையே படத்துணியாயிற்று. விரல்களும், ஊசிமருந்துக் குழாயும், சிகரெட் லைற்றரின் சிறு சில்லும் தூரிகையின் வேலையைச் செய்தன. காவலர் சிலரின் துணையால் வர்ணம் உள்ளே வந்தது. ஓவியங்கள் வெளியே சென்றன. 2007 இல் இலண்டன் மாநகரில் ஆசியா இல்லத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். இராணுவ ஆட்சிக் காலத்தில், ஓவியக் காட்சி தொடங்குமுன் தணிக்கையாளர் வந்து படங்களைச் சோதிப்பர். ஒவ்வாதவற்றை இறக்கச் செய்வர். "இதில் அரசுக்கு விரோதமானது யாது?" என்பதே அவர்களுடைய கேள்வி. மேல்நாட்டு மண்டபத்தில் அனுதாபத்துடன் நிற்கும் பார்வையாளரும் பெரும்பாலும் அதே கேள்வியைத்தான் கேட்கின்றனர். முன்னவர் தண்டிக்கக் கேட்டனர். பின்னவர் பாராட்டக் கேட்கின்றனர். நோக்கம் வேறு, கேள்வி ஒன்றே! ஆற்றையும் வயலையும் வரையும் பர்மிய ஓவியனுக்கு அம்மண்டபத்தில் இடமுண்டா?

சிறையில் வரைந்த ஓவியத்திற் சிறையைக் காண்பது தவறா? அன்று. சிறையை மட்டுமே காண்பதுதான் குறை. தூரிகையின்றி ஒரு கோட்டை எவ்வாறு இழுத்தான், இந்நிறத்தை ஏன் தேர்ந்தான் என்று கேட்கும்போதுதான் அவனைக் கலைஞனாக மதிக்கின்றோம். அல்லாவிடில் அவன் நம் கண்முன் என்றும் கைதியாகவே நிற்பான்.

மற்றுமொன்று. மேல்நாட்டுப் புகழ் காவலாகாது. 2021 பெப்ரவரி 1 ஆம் நாள் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. 2022 ஆகஸ்டில் தெயின் லினும், பிரித்தானியாவின் முன்னாள் தூதுவரான அவர் மனைவியாரும் கைதுசெய்யப்பட்டனர். குடிவரவுச் சட்டத்தின்கீழ் வசிப்பிடப் பதிவு பற்றியது குற்றச்சாட்டு. ஓராண்டுச் சிறை தீர்ப்பாயிற்று. நவம்பரில் பொதுமன்னிப்பிலேயே விடுதலை கிட்டியது. மன்னிப்பு ஆள்பவன் தருவது. உரிமையோ அவன் தராமலே நமக்குள்ளது.

ஆகவே, பர்மியக் கலைஞருக்கு இரண்டு கடன்களைச் செலுத்துவோம். அவர்தம் விடுதலைக்குக் குரல் கொடுப்போம். அவர்தம் ஓவியத்தை ஓவியமாகவே நின்று பார்ப்போம். ஒன்றைச் செய்து மற்றதைக் கைவிடுவது நீதியாகாது.