இரவில் அணியும் வில்லையும் வளரும் பிள்ளையின் கண்ணும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

கல்வியைக் கண் என்று போற்றும் மரபு நம்முடையது. அக்கல்வியைத் தேடும் வயதிலேயே கண் பழுதுபடுமாயின், அதுபற்றிச் சிந்திப்பது நமது கடனாகும்.

குறும்பார்வை என்பது யாது? கையிலுள்ள புத்தகம் தெளிவாகத் தெரியும், கரும்பலகை மங்கும். கண்கோளம் முன்பின்னாக அளவுக்கு மிஞ்சி நீளுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். வளர்ந்தவரின் கண் ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் நீளமுடையது. சாதாரண மூக்குக் கண்ணாடி பார்வையைத் திருத்துமேயன்றிக் கண் நீளுவதைத் தடுக்காது. மிக நீண்ட கண்ணில் விழித்திரை மெலிகின்றது. பிற்காலத்தில் அது கழன்று பார்வை பறிபோகவுங் கூடும். கண் வளரும் பருவத்திலேயே அதன் வேகத்தைக் குறைக்க அறிஞர் முயல்வது இதனாலேதான்.

அம்முயற்சிகளுள் ஒன்று இரவில் அணியும் கொன்ராக்ற் லென்ஸ். உறங்கும்போது பிள்ளை இக்கெட்டியான வில்லையைக் கண்ணில் அணிகின்றது. அது விழிவெண்படலத்தின் நடுப்பகுதியைச் சற்றே தட்டையாக்குகின்றது. காலையில் கழற்றினால் பகல் முழுவதும் கண்ணாடியின்றியே தெளிவாகத் தெரியும். அணிவதை நிறுத்தினால் படலம் பழைய வடிவத்துக்கே திரும்பும். 1962ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் ஜோர்ஜ் ஜெசென் என்பவர் இத்தகைய வழியொன்றை எடுத்துரைத்தார். அன்று அவை பகலில் அணிந்த வில்லைகள். ஒட்சிசன் ஊடுருவும் பொருள்கள் வந்த பின்னரே இரவில் அணிவது இயல்வதாயிற்று.

கண்ணாடியில்லாத பகலைக் கண்டு, நோய் தீர்ந்ததென்று பெற்றோர் மகிழ்வர். அது தீர்வன்று. உண்மையான பயன் வேறிடத்தில் உள்ளது. 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை இரு பிரிவாக்கி 2 ஆண்டுகள் அளந்த ஹொங்கொங் ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. கண்ணாடி அணிந்தோரின் கண் சராசரி 0.63 மில்லிமீற்றர் நீண்டது. இரவு வில்லை அணிந்தோரின் கண் 0.36 மில்லிமீற்றரே நீண்டது. வளர்ச்சி நிற்கவில்லை, மெதுவாயிற்று. அவ்வளவே நாம் எதிர்பார்க்கத் தக்கது.

இதற்கு ஒரு விலையுமுண்டு. பணத்தை மட்டும் நாம் குறிப்பிடவில்லை. 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வின்படி, 10,000 பிள்ளைகள் ஓராண்டு அணிந்தால் ஏறக்குறைய 14 பேருக்கு விழிவெண்படலத்தில் கிருமித்தொற்று உண்டாகலாம். எண்ணிக்கை சிறிது, ஆயினும் அத்தொற்று பார்வையையே கெடுக்க வல்லது. குழாய் நீரில் வில்லையைக் கழுவியமை பல நோயாளரிடத்துக் காணப்பட்டது. நம்மூர்க் கிணற்று நீர் குடிக்க எத்துணை இனிதாயினும் வில்லையைக் கழுவ ஆகாது. அதற்குரிய மருந்து நீரே வேண்டும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்னரே வில்லையைத் தொடல் வேண்டும். கண் சிவந்தாலோ நொந்தாலோ அன்றே வைத்தியரிடம் செல்லல் வேண்டும். ஒவ்வோரிரவும் இத்தனையையும் செய்ய இயலாத வீட்டிற்கு இவ்வில்லை ஏற்றதன்று.

செலவின்றிச் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. சீனாவின் குவாங்சோ நகரப் பாடசாலைகள் சிலவற்றில், முதலாம் வகுப்புப் பிள்ளைகளை நாளொன்றுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டனர். 3 ஆண்டுகளில் குறும்பார்வை தோன்றியோர் அங்கே 30.4 வீதம், ஏனைய பாடசாலைகளில் 39.5 வீதம். இவ்வாய்வு வெளிவந்தது 2015இல். நோய் வருமுன் காக்கும் வழி இது. வந்த பின் வேகத்தைக் குறைப்பது வில்லை.

பெரியோர்களே, பாடசாலை விட்டதும் ரியூசன், ரியூசன் விட்டதும் கைத்தொலைபேசி என்று பிள்ளையின் பகல் கழிகின்றது. கோயில் வீதியில் வெயில் சாயும்வரை ஓடியாடும் நேரத்தை வீண்பொழுதென்று எண்ணாதீர்கள். இளைஞர்களே, அந்த விளையாட்டை முன்னின்று நடத்துவது நமது சங்கத்தால் ஆகாத காரியமன்று. கரும்பலகை மங்குகின்றதென்று எந்தப் பிள்ளையாவது சொன்னால், அதனைச் சாட்டென்று தள்ளாது, கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோமாக.