துண்டுச் சீட்டு தீர்ப்பாகி விடுமா?

(செங்கல்பட்டில் இளைஞர்களும் வணிகர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தேன். பாத்திரக் கடை நடத்தும் ஓர் இளைஞர் எனக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு காகிதம். முகத்தில் இரத்தமே இல்லை.

"ஹஜ்ரத், வீட்ல இரட்டைப் புள்ளைங்க. மூணரை மாசம். ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணதுல 'ஹை ரிஸ்க்'னு வந்திருக்கு. கலைச்சிடுங்கன்னு பெரியவங்க சொல்றாங்க. மார்க்கத்துல கூடுமா?"

"எந்தக் குழந்தைக்கு தம்பி?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். காகிதத்தை மீண்டும் புரட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. தெரிய வாய்ப்பும் இல்லை. ஏனென்றால் அந்தக் காகிதத்துக்கே அது தெரியாது!

நான் மருத்துவன் அல்லன். மத்ரஸாவில் ஓதியவன். ஆனால் மார்க்கத் தீர்ப்பு கேட்டு வருபவரிடம், விஷயம் என்னவென்று அறியாமல் பதில் சொல்வது அமானிதத்துக்கு மாறு செய்வதாகும். எனவே மருத்துவர்களைக் கேட்டும் படித்தும் அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

இது என்ன பரிசோதனை?

தாயின் இரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்பதை 1997ஆம் ஆண்டு ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோ என்ற அறிஞரும் அவரது குழுவினரும் வெளிப்படுத்தினர். 2011 முதல் இது வணிகரீதியான பரிசோதனையாக வந்தது. என்.ஐ.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். பத்து வாரம் முடிந்ததும் தாயின் கையில் ஒரு குழாய் இரத்தம் எடுத்தால் போதும். டவுன் சிண்ட்ரோம் எனப்படும் 21ஆம் குரோமோசோம் கூடுதல், அதைப் போலவே 18, 13 ஆகியவற்றின் கூடுதல் இருக்க வாய்ப்புண்டா என்று கணிக்கிறார்கள்.

இது எங்கோ அமெரிக்காவில் நடப்பதல்ல. வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் கீழக்கோட்டையூரில் இருக்கும் லைஃப்செல் நிறுவனம் இந்தச் சோதனையைச் செய்து தருகிறது. அது நம் செங்கல்பட்டு மாவட்டம்தான். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் உள்ள நம் வீடுகளுக்கும் இந்தக் காகிதம் வந்து சேரும்.

கவனியுங்கள்! இது வாய்ப்பைச் சொல்லும் சோதனை. நோயை உறுதி செய்யும் சோதனை அல்ல. அந்த டி.என்.ஏ. பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது. நஞ்சுக்கொடியில் உள்ள கோளாறு குழந்தையிடம் இல்லாமலும் போகலாம்.

இரட்டை என்றால் என்ன சிக்கல்?

இரண்டு குழந்தைகளின் துணுக்குகளும் ஒரே இரத்தத்தில் கலந்து கிடக்கின்றன. 'அதிக ஆபத்து' என்று வந்தால் அது முதல் குழந்தைக்கா, இரண்டாவதற்கா, இருவருக்குமா என்று இந்தச் சோதனை பொதுவாகப் பிரித்துச் சொல்லாது. ஒவ்வொரு குழந்தையின் பங்கும் குறைவாக இருப்பதால் 'முடிவு இல்லை' என்று திரும்பி வருவதும் இரட்டையில் அதிகம். தொடக்கத்தில் மூன்று கருவாக இருந்து ஒன்று தானாகக் கரைந்திருந்தால், மறைந்த கருவின் துணுக்குகள் பல வாரங்கள் தாயின் இரத்தத்தில் தங்கி முடிவைக் குழப்பும்.

ஆகவே முதலில் வேண்டியது ஸ்கேன். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று பார்க்க வேண்டும். ஒரே நஞ்சுக்கொடி என்றால் அவர்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். குரோமோசோம் நிலையும் பெரும்பாலும் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும். தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் ஒருவர் பாதிக்கப்பட்டு மற்றவர் முழு நலமாக இருக்கலாம்.

இப்போது நினைத்துப் பாருங்கள். மருந்துக் கடையில் யாரோ கொடுக்கும் மாத்திரைக்குக் குழந்தையைத் தேர்ந்தெடுக்கத் தெரியுமா? ஒன்றின் மீதுள்ள சந்தேகத்துக்காக இரண்டையும் இழப்பதா?

வியாபாரிக்குப் புரியும் கணக்கு

'99 சதவீதம் சரியாகச் சொல்லும்' என்கிறார்கள். டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை இந்தச் சோதனை திறமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 99ஐ எப்படிப் படிப்பது?

இளம் வயதுத் தாய்மார்கள் ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்தக் குறை உள்ள குழந்தை இருக்கும் என்று வைப்போம். அதைச் சோதனை கண்டுபிடித்து விடும். ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்குத் தவறாகவும் 'அதிக ஆபத்து' என்று சொல்லும் என்று வையுங்கள். அப்படியானால் பயந்து நிற்பவர்கள் இருவர். ஒருவருடையது மெய், மற்றவருடையது பொய். சரிபாதி! தாயின் வயது நாற்பதை எட்டினால் கணக்கு மாறும். அங்கே பெரும்பாலானவை மெய்யாகவே இருக்கும். கல்லாவில் வரும் நோட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் நாம், உயிர் விஷயத்தில் சரிபார்க்க வேண்டாமா?

சரிபார்க்க வழி உண்டு. 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள். தனித்தனிப் பனிக்குடம் என்றால் இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டும். கருச்சிதைவு ஆபத்து சிறிதளவு உண்டு. எனவே இதில் அனுபவமுள்ள கரு மருத்துவ நிபுணரிடமே செல்ல வேண்டும்.

மருத்துவரின் வாரமும் மார்க்கத்தின் நாளும்

120 நாட்களுக்குப் பின் ரூஹ் ஊதப்பட்ட கருவைத் தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கலைக்கக் கூடாது என்பது உலமாக்களின் நிலை. அதற்கு முன்பும் அது விளையாட்டுக் காரியம் அல்ல. மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் சபை 1990இல் இதை ஆராய்ந்தது. நம்பத்தகுந்த மருத்துவர் குழு, சிகிச்சையால் தீராத கடுமையான குறைபாடு என்று உறுதி செய்து, பெற்றோரும் கேட்டுக்கொண்டால் 120 நாட்களுக்குள் அனுமதி உண்டு என்று முடிவு செய்தது. இதைவிடக் கடுமையான கருத்துடைய உலமாக்களும் உண்டு. 'உறுதி செய்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரத்தச் சோதனை உறுதி அல்ல.

மருத்துவர் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுகிறார். மார்க்கம் கரு தரித்த நாளிலிருந்து எண்ணுகிறது. இடையே இரண்டு வார வேறுபாடு. ஆக 120 நாள் என்பது மருத்துவர் கணக்கில் சுமார் 19 வாரம். பனிக்குட நீரின் முழு முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். நாட்டுச் சட்டம் 2021 திருத்தத்தின்படி சில நிலைகளில் 24 வாரம் வரை அனுமதிக்கிறது. மார்க்கத்தின் கெடு அதற்கு முன்பே முடிந்து விடுகிறது. 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிப் போடுபவர் இரண்டு வாசல்களையும் அடைத்துக்கொள்கிறார்.

இன்னொன்று. 18, 13ஆம் குரோமோசோம் கோளாறுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. டவுன் சிண்ட்ரோம் அப்படியல்ல. இதயக் கோளாறு பலருக்கு இருக்கும், அறுவைச் சிகிச்சையும் உண்டு. ஐம்பது, அறுபது வயது வரை வாழ்பவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

இது பார்க்காதவை

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. சொந்தத்தில் முடிப்பதால் கூடும் தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோய்களை வழக்கமான இந்தச் சோதனை பார்ப்பதில்லை. அதற்குக் கணவன் மனைவி இருவரின் இரத்தத்தையும் தனியாகச் சோதிக்க வேண்டும். திருமணத்துக்கு முன்பே செய்தால் இன்னும் நல்லது.

ஆணா பெண்ணா என்று கேட்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேட்டவருக்கும் மூன்றாண்டு வரை சிறை உண்டு. பெண் குழந்தைகளைப் புதைத்த அறியாமைக் காலத்தை ஒழித்த சமுதாயம், அதை ஆய்வகம் வழியாகத் திரும்ப அழைக்கலாமா?

நாம் செய்ய வேண்டியது

இரட்டை என்று தெரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று எழுதி வாங்குங்கள். சோதனைப் படிவத்தில் 'இரட்டை' என்று எழுதச் சொல்லுங்கள். கரு மறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். 'ஹை ரிஸ்க்' வந்தால் அன்றே நிபுணரைப் பாருங்கள்.

இளைஞர்களே! இரத்த தானத்துக்கு நள்ளிரவிலும் ஓடும் நீங்கள், இப்படிப்பட்ட குடும்பத்தோடு மருத்துவமனைக்கும் துணை செல்லுங்கள். வணிகர்களே! அந்த இரண்டாவது சோதனைக்கு ஏழைக்குப் பணம் இல்லாமல் போகக் கூடாது. குறையோடு குழந்தை பிறந்தால் ஜமாஅத் ஒதுங்கி நிற்கவும் கூடாது. மூளை வளர்ச்சிக் குறைபாடு உடையோருக்குத் தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஒரு இலட்சம் ரூபாய் வரை உண்டு. அதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவாவது நம்மில் ஒருவர் வேண்டாமா?

அந்தப் பாத்திரக்கடைச் சகோதரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மாத்திரை வாங்கவில்லை. நிபுணரிடம் சென்றார். இரண்டு பனிக்குடங்களிலிருந்தும் நீர் எடுத்துச் சோதித்தார்கள். 18ஆம் வாரத்தில் முடிவு வந்தது. இருவருக்கும் குறை இல்லை. எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முடிவு எதுவானாலும் அவர் அறிந்து எடுத்திருப்பார், அஞ்சி எடுத்திருக்க மாட்டார்.

சிந்திப்போம்! அறிந்து செயல்படுவோம்! அல்லாஹ் அருள் புரிவானாக!