கொடிக்கம்பத்தின் கீழ்ப் புதியவர்கள்
(கிளியனூரில் குடியரசு நாள் விழாவில் ஆற்றிய உரை)

 

நாட்டு விழா ஒன்றை முதன்முதலாகக் கொண்டாட வரும் புதியவரைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றியதுதானே இப்பொருள், கிளியனூரில் இதற்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் நினைக்கக்கூடும். வேலை இருக்கிறது. இங்கிருந்து தெற்கே செல்லும் சாலையிலும் இருக்கிறது. நம் பள்ளியின் வாசலிலும் இருக்கிறது.

விழாவுக்குப் புதிதாக வருபவரை எவ்வாறு நடத்துவது என்பதில் தமிழர்க்கு ஒரு வழக்கம் உண்டு. மணமான முதல் ஆண்டில் வரும் தீபாவளியைத் தலைத்தீபாவளி என்றும், பொங்கலைத் தலைப்பொங்கல் என்றும் சொல்கிறோம். அன்று புதியவருக்கே புத்தாடை முதலில். அவருக்கே முதல் இலை. சீர் செய்வதற்குக் கடன் வாங்கும் குடும்பங்களும் உண்டு. அந்தக் கடனை நாம் ஆதரிக்கவில்லை. அது தனியாகப் பேச வேண்டிய செய்தி. ஆனால், புதிதாக வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டார் மட்டும் விருந்துண்பது இழிவு என்பதை அறியாதவர் இங்கு யாருமில்லை. இந்த அளவுகோலையே நாட்டு விழாக்களுக்கும் வைத்துப் பார்ப்போம்.

முதலில் அண்டை வீட்டைப் பார்ப்போம். 1947 ஆகஸ்டு 15 அன்று நம் தென்னார்க்காடு மாவட்டத்தில் மூவர்ணக்கொடி ஏறியது. சில கல் தொலைவிலிருந்த புதுவையிலோ அன்றும் பிரெஞ்சுக்காரர்களின் கொடியே பறந்தது. அதுவும் மூவர்ணந்தான்; நிறங்கள் வேறு. பிரெஞ்சு ஆட்சிப் பகுதி ஒரே நிலப்பரப்பாக இல்லாமல், துண்டு துண்டாக நம் ஊர்களுக்கிடையே சிதறிக் கிடந்தது. ஒரே மொழி, ஒரே தெய்வங்கள், கொள்வினை கொடுப்பினையும் உண்டு. நடுவில் மட்டும் ஓர் அரசின் எல்லை.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதையும், 8 பேர் இணையாதிருப்பதையும் விரும்பினர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. ஆகவே, 1955 சனவரி 26தான் இந்திய ஆட்சியின்கீழ்ப் புதுவை மக்கள் கண்ட முதல் குடியரசு நாள். அவர்களுடைய தலைக்குடியரசு விழா என்று நாம் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், அன்று சட்டப்படி அவர்கள் இன்னும் இந்தியர் ஆகவில்லை. இணைப்பு ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றம் இசைவளித்த பிறகு, 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் சட்டபூர்வமான மாற்றம் நிறைவேறியது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தினராக, ஆனால் குடும்ப அட்டையில் பெயரேறாதவராக அவர்கள் இருந்திருக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்று எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களுடைய வழித்தோன்றல்களில் பலர் சூலை 14ஆம் நாளைப் புதுவைக் கடற்கரையில் இன்றும் கொண்டாடுகிறார்கள். விரும்பிய விழாவைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை ஒப்பந்தமே அவர்களுக்கு எழுத்தில் தந்தது. புதியவரை மதிப்பதென்றால் இவ்வாறுதான் மதிக்க வேண்டும்.

இனி நம்மிடம் வருவோம். நாம் எந்த எல்லையையும் கடந்து வரவில்லை. இந்த மண்ணில் உழுதவர்களும், வடகிழக்கே மரக்காணத்து அளங்களில் பாத்தி கட்டி உப்பு வாரியவர்களும் நம் முன்னோர்கள். நம்மைப் புதியவர் என்று எவர் சொல்ல முடியும்? ஆயினும், நாட்டு விழா நாளன்று கொடிக்கம்பத்தின் கீழ் நாம் நிற்கும் இடத்தைக் கொண்டு பார்த்தால், நேற்று வந்தவர்களாகவே நாம் காணப்படுகிறோம். இந்த முரண்பாட்டைத்தான் இன்று பேச விரும்புகிறோம்.

கொடியின் பிறப்பிலேயே நமக்குப் பங்குண்டு என்பதை மாணவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நாட்டுக்கொடி எவ்வாறு அமைய வேண்டுமென்று முடிவு செய்ய 1947 சூன் திங்களில் இராசேந்திர பிரசாத் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவில் அண்ணல் அம்பேத்கர் ஓர் உறுப்பினர். சூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை கொடியை ஏற்றுக்கொண்டது. அந்தச் சபையில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரே பெண் உறுப்பினராக வீற்றிருந்தவர் தாட்சாயணி வேலாயுதன்; கொச்சியில் பிறந்து, சென்னை மாகாணத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆக, விருந்தைச் சமைத்தவர்களில் நம்மவரும் உண்டு. சமைத்தவருக்கு இலை போடாததுதான் பின்னர் நடந்தது. அண்ணல் அதனை முன்னரே கண்டார். 1949 நவம்பர் 25 அன்று சபையில் பேசுகையில், வரும் சனவரி 26ஆம் நாள் முரண்பாடுகள் நிறைந்த வாழ்வுக்குள் நாம் நுழையப் போகிறோம் என்றும், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் அது இராது என்றும் எச்சரித்தார். குடியரசு பிறப்பதற்கு இரண்டு திங்கள் முன்னரே அதன் குறையைச் சொன்னவர் அவர்.

இதே சனவரி 26 இன்னொரு நாட்டுக்கும் விழா நாள். ஆஸ்திரேலியாவில் 1788ஆம் ஆண்டு இந்நாளில் ஆங்கிலேயர் சிட்னித் துறையில் கொடியேற்றினர். இன்று அந்நாளில் அங்குக் குடியேறியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் விழாக்கள் நடக்கின்றன. நம் தமிழர்களும் அவ்வாறு உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை பெறுகிறார்கள். புதியவர்களுக்கு அது தலைவிழா. ஆனால், பல்லாயிரம் ஆண்டுகளாக அம்மண்ணில் வாழ்ந்த பழங்குடியினர் 1938இல், குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டு விழாவன்று, சிட்னி நகரில் கூடி அதனைத் துக்க நாளாகக் கடைப்பிடித்தனர். முழுக் குடிமக்களாக எங்களை நடத்துங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. புதியவருக்கு முதல் இலையும், மண்ணின் மக்களுக்கு வாசற்படியும் என்னும் நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

நாம் இந்நாளைத் துக்க நாள் என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது என்பது நம் கருத்து. ஏனென்றால் சனவரி 26 நமக்கு வாக்கையும், இட ஒதுக்கீட்டையும், தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவையும் தந்த நாள். ஆகவே, இந்த விழாவில் நமக்குரிய இடத்தைக் கேட்டுப் பெறுவதே நம் வேலை. அந்த இடம் எது என்றால், கொடிக்கயிற்றைப் பிடிக்கும் இடமே அது.

கயிறு யார் கையில் என்பது சிறிய செய்தியன்று. மாநில முதலமைச்சர்களுக்கே நெடுங்காலம் அது கிட்டவில்லை. விடுதலை நாளிலும் குடியரசு நாளிலும் ஆளுநர்களே கொடியேற்றி வந்தனர். கலைஞர் கருணாநிதி மத்திய அரசிடம் வாதாடிய பிறகு, 1974 ஆகஸ்டு 15 முதல் விடுதலை நாளன்று கொடியேற்றும் உரிமை முதலமைச்சர்களுக்கு வந்தது. பொதுமக்களின் நிலை இதைவிட மோசம். ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்கள் தவிர மற்ற நாட்களில் தம் வீட்டிலே நாட்டுக்கொடியைப் பறக்கவிடும் உரிமை அவர்களுக்கு இல்லை. 2002 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த கொடி விதிகளும், 2004இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புமே அந்த உரிமையை உறுதி செய்தன. எனவே, கொடிக்கயிற்றுக்கு எல்லோருமே ஒரு காலத்தில் புதியவர்கள்தாம். முதலமைச்சர் கேட்டார், கிடைத்தது. குடிமகன் வழக்காடினான், கிடைத்தது. நம்மவர் தேர்தலில் வென்று, அரசாணையையும் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது என்ன நடந்தது?

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளில் நமக்கு இட ஒதுக்கீடு தந்தது. அதற்காக நாம் கொடுத்த விலை சிறிதன்று. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் பத்தாண்டுக் காலம் தலைவர் பதவி நிலைபெறவே இல்லை. 2006இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. பதவி கிடைத்த பிறகாவது நாற்காலி கிடைத்ததா? சிதம்பரத்தை அடுத்த தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவராயிருந்த பெண்மணி கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்ட படம் 2020இல் நாடெங்கும் பரவியது.

அதே 2020இல், கும்மிடிப்பூண்டியை அடுத்த ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவர் அமிர்தம் அம்மையார் விடுதலை நாளன்று கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்தது. மாவட்ட ஆட்சியரே நேரில் வந்தார். ஆகஸ்டு 20 அன்று அம்மையார் கொடியேற்றினார். நாட்டுக்கு விடுதலை நாள் 15. ஆத்துப்பாக்கத்தில் ஐந்து நாள் தாமதம். நாற்காலி மறுக்கப்பட்ட, கொடியேற்ற இயலாத தலைவர்கள் பலர் உள்ளனர் என்பதைத் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022இல் ஆய்வு நடத்தி எடுத்துக்காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில், சாதி காரணமாக எந்தத் தலைவரும் கொடியேற்றுவதிலிருந்து தடுக்கப்படக்கூடாது என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நம் பழைய விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்து எடுத்தவாய்நத்தத்தில், தலைவராயிருந்த அம்மையார் அவ்வாண்டு காவலர்கள் சூழ நின்று கொடியேற்றினார்.

கொடியேற்றுவதற்குக் காவலர் துணையா என்று நகைப்பவர் நகைக்கட்டும். நாம் அவ்வாறு நகைக்க மாட்டோம். அந்த அம்மையார்களுக்கு அது தலைவிழா. ஆட்சியர் வந்ததும், காவலர் நின்றதும் அரசு அவர்களுக்குச் செய்த சீர் என்றே கொள்வோம். ஆனால், ஊரார் செய்ய வேண்டிய சீரை ஊரார் செய்யும் நாள்வரை கணக்கு தீராது.

நம் பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மாலைப்பள்ளியில் கொடியேற்றத் தொடங்கிய முதல் ஆண்டில், கயிற்றை இழுக்க எந்தப் பெரிய மனிதரை அழைக்கலாம் என்பதே பெரும் ஆலோசனையாக இருந்தது. அதிகாரி ஒருவர் வருவதாகச் சொல்லி, வெயிலேறும்வரை பிள்ளைகளை நிற்க வைத்துவிட்டு, வராமலே இருந்துவிட்டார். அன்று உப்பளத்துக்குப் போகாமல் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த தாய்மார்கள், பிள்ளைகள் வாடுவதைப் பொறுக்காமல், நாமே ஏற்றினால் என்ன என்று கேட்டனர். அவர்களுள் மூத்தவர் கயிற்றைப் பிடித்தார். உப்பு நீரில் வெடித்த கை. முடிச்சு அவிழவில்லை, இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இரண்டு முறை இழுத்தும் பயனில்லை. மூன்றாம் முறை பூக்கள் சொரிந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த அம்மா மட்டும், நான் தொட்டது தப்பில்லையே என்று நம்மிடம் கேட்டார். அறுபது வயது கடந்தவர். விடுதலை பெற்ற நாட்டில் பிறந்தவர். கேட்ட கேள்வி அது. 1930இல் வேதாரணியத்தில் உப்பு அள்ளியதை விடுதலைப் போராட்டம் என்று பாடத்தில் படிக்கிறோம். நாள்தோறும் உப்பு அள்ளும் கைக்குக் கொடிக்கயிற்றைத் தொடுவதில் ஐயம் வருகிறது.

அன்று முதல் வெளியாரை அழைப்பதில்லை என்று கழகம் முடிவு செய்தது. அம்முடிவில் நமக்கு முழு உடன்பாடு. எனினும் அது போதாது. நம் முற்றத்தில் நாமே கொடியேற்றிக் கொள்வது, மறுக்கப்பட்ட விருந்துக்குப் பதிலாக வீட்டில் சமைத்து உண்பது போன்றது. பசி தீரும், அழைப்பு வராது. ஊர்ப் பொது இடத்தில் ஏறும் கொடியின் கீழும் நம் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு அவர்கள் சில செய்திகளை ஐயமறக் கற்றிருக்க வேண்டும். காவி மேலே வர வேண்டும். விரைவாக ஏற்றி, மெதுவாக இறக்க வேண்டும். விடுதலை நாளில் கீழிருந்து மேலே ஏற்றுகிறோம், குடியரசு நாளில் மேலே கட்டியிருப்பதை விரிக்கிறோம். கொடி தரையைத் தொடலாகாது. இவற்றை அறிந்த பிள்ளையை, உனக்கென்ன தெரியும் என்று சொல்லி எவரும் ஒதுக்க முடியாது. அண்ணலின் சபைப் பேச்சை எட்டாம் வகுப்பிலிருந்து மேலுள்ளோர் முழுவதுமாகப் படிக்க வேண்டும். படித்துக் காட்ட ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆகஸ்டு 15 உப்பு வாரும் பருவத்தில் வருகிறது. விடுப்பு எடுத்தால் கூலி போகும் என்பதை நாம் அறிவோம். எனவே, விழாவைக் காலை ஆறு மணிக்கே வைத்துக்கொள்ளலாம் என்று கழகத்தாரிடம் கேட்டிருக்கிறோம், இசைந்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் வந்து போங்கள். வெள்ளி விழா ஆண்டான இவ்வாண்டு, இதுவரை கயிற்றைத் தொடாத ஒருவரே கொடியேற்ற வேண்டும். பெயரைத் தெருவுக்கு ஒருவராக எழுதிக் கொடுங்கள். பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். முடிச்சை இறுக்கிக் கட்டாதிருக்க மாணவர் தலைவரிடம் சொல்லியிருக்கிறோம்.