பிராணவாயுவும் பிரசவப் புண்ணும்



சிசேரியன் பிரசவம் இன்று அபூர்வமானதன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, நம் நாட்டில் நூற்றுக்கு 21க்கு மேற்பட்ட குழந்தைகள் இம்முறையில் பிறந்தன. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45. குழந்தை நலமாகப் பிறந்தபின் வீட்டார் அஞ்ச வேண்டியது தாயின் புண் சீழ்ப்பிடிப்பதைத்தான்.

இதற்குப் பிராணவாயுவை மிகுதியாகக் கொடுத்தால் என்ன என்று மருத்துவர்கள் எண்ணினார்கள். எண்ணம் பொருத்தமானதே. கிருமிகளைக் கொல்லும் வெள்ளணுக்களுக்குப் பிராணவாயுவே ஆயுதம். கத்தி பட்ட இடத்திலோ இரத்தக் குழாய்கள் அறுபட்டு அது குறைந்துபோகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில் பெருங்குடல் சிகிச்சை பெற்ற 500 பேரில் ஒரு பாதிக்கு 30 சதவீதமும் மறு பாதிக்கு 80 சதவீதமும் பிராணவாயு கலந்த காற்றை அளித்தார்கள். முந்தையவர்களுள் நூற்றுக்கு 11 பேருக்குப் புண் கெட்டது. பிந்தையவர்களுள் 5 பேருக்குத்தான்.

பிரசவத்திலும் இப்பலன் கிட்டுமென்று நம்பியது இயல்பு. ஆனால் 831 தாய்மாரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனையில் இரு சாராருக்கும் வேற்றுமை தென்படவில்லை. குடல் வேறு, கருப்பை வேறு! ஆகவே மூச்சு சீராக உள்ள தாய்க்கு முகமூடி வைக்கவில்லையே என்று செவிலியிடம் சச்சரவிடுவது வீண்.

கேட்கத்தக்க கேள்வி வேறொன்று உண்டு: கிருமிக்கொல்லி ஊசியைக் கீறுவதற்கு முன்பே போடுவீர்களா? மருந்து குழந்தையைச் சேருமே என்று தயங்கி, கொடியைக் கட்டிய பிறகே அதைப் போடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. முன்னதாகப் போட்டால் தாய்க்கு நோய்த்தொற்று குறைகிறதென்று ஆய்வுகள் காட்டின. குழந்தைக்குக் கேடு காணப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அவ்வாறே பரிந்துரைக்கிறது.

புண் பெரும்பாலும் வீடு திரும்பிய பின்னரே கெடுகிறது. அயல் மாநிலத்தில், தாய்வீட்டுத் துணையின்றி இருக்கும் பெண்ணுக்கு இது முக்கியம். முதல் முப்பது நாட்களில் காய்ச்சல், நாளுக்கு நாள் மிகும் வலி, தையலைச் சுற்றிச் சிவப்பு, சீழ், துர்நாற்றமுள்ள போக்கு இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. மொழி தெரியாதென்று தயங்க வேண்டாம். ஹிந்தி வழங்கும் ஊர்களில் சீழை 'மவாத்' என்பார்கள்; காய்ச்சலுக்குப் 'புக்கார்' என்று பெயர். நம் காதுக்கு அது முறையீடு போல் ஒலிக்கும். தயங்காமல் அந்த முறையீட்டைச் செய்யுங்கள்.