செத்த குதிரைக்கும் காசு

மாலிப் பேரரசர் மன்சா மூசா பத்திப் பேசினதுக்கு அப்புறம் அம்பத்தூர்லேர்ந்து ஒரு நண்பர் கேட்டிருக்காரு: "சஹாராவுல உப்பும் தங்கமும் சுமந்த ஒட்டகத்தோட இஸ்லாமும் போச்சு, சரி. தமிழ்நாட்டுக்கு டெல்லித் தளபதி மாலிக் காபூர் வாளோடதானே வந்துச்சு?" பள்ளிக்கூடத்துல படிச்சதுல அவர் படையெடுத்து வந்த 1311-ங்கிற வருஷம் மட்டும் நம்ம மனசுல நின்னுடுச்சு. அதான் வினை.

நம்ம கதையிலயும் பாலைவனம் இருக்குங்க. என்ன, கடலுக்கு அந்தப் பக்கம். கதீஃப், பஹ்ரைன் பக்கத்துக் குதிரைங்க பாரசீக வளைகுடாவுல கீஷ், ஹோர்முஸ்னு தீவுகளுக்கு வந்து, அங்கேர்ந்து மரக்கலம் ஏறிப் பாண்டிய நாட்டுக் கரைக்கு வரும். இறங்குற துறை காயல், தாமிரபரணி முகத்துவாரத்துல. கடல் விலகிப் போய் இன்னிக்கு அது பழையகாயல்னு ஒரு சின்ன ஊர்.

குதிரை எதுக்குன்னு டாங்க் செய்யுற ஆவடிக்காரங்களுக்கு நான் சொல்ல வேணாம். அந்தக் காலத்து டாங்க் அதுதான். நம்ம மண்ணுல நல்ல போர்க்குதிரை தேறாது, வெளியிலேர்ந்து வாங்கித்தான் ஆகணும். மாணிக்கவாசகர் கதையை நினைச்சுப் பாருங்க. குதிரை வாங்கப் பாண்டியன் குடுத்தனுப்பின பணத்தை அமைச்சர் கோயில் கட்டச் செலவழிச்சுடறாரு, அப்புறம் நரி பரியாகுது. பக்தியை ஒரு ஓரமா வெச்சுட்டுப் பார்த்தா, அமைச்சரே பணமூட்டையோட கடற்கரைக்குக் குதிரை வாங்கப் போறாருங்கிறது கேக்கிறவங்களுக்கு ஆச்சரியமாவே படல. அவ்ளோ சகஜமான வியாபாரம்.

இப்போ எனக்கு ரத்தம் கொதிக்கிற இடத்துக்கு வரேன். 13ஆம் நூற்றாண்டுக் கடைசி. கீஷ் தீவை ஆண்ட பெரிய வணிகர் ஜமாலுத்தீன் இப்ராஹீம். அவரோட தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் யாரு தெரியுமா? சுந்தர பாண்டியனோட அமைச்சர். விக்கிறவர் அண்ணன், வாங்குற அரசுல அமைச்சர் தம்பி! வஸ்ஸாஃப்னு ஒரு பாரசீக வரலாற்றாசிரியர் ஒப்பந்தத்தையே எழுதி வெச்சிருக்காரு. வருஷத்துக்கு 1,400 குதிரை. ஒண்ணு 220 தினார், செம்பொன்னுல. வழியில கடல்ல செத்துப்போன குதிரைக்கும் அதே விலையைப் பாண்டியன் குடுத்துடணும். குதிரை வாங்கின பணத்துக்குக் கருவூலத்தைத் தொடவே இல்லையாம். கோயில் நிலத்து வருமானத்துலயும், கோயிலைச் சேர்ந்த ஆடல் பெண்கள் மேல போட்ட வரியிலயும் வந்துச்சாம். வளைகுடாவுலேர்ந்து வந்த குதிரைக்கு இங்க ஒரு பொண்ணு சலங்கை கட்டி ஆடிக் கடன் அடைச்சிருக்கா. இதெல்லாம் ஏன் நம்ம மனசுல நிக்கல?

வந்து சேர்ந்த குதிரைங்களும் தங்கல. லாடம் கட்டத் தெரிஞ்ச ஆளே இங்க கிடையாது, வணிகர்கள் வரவும் விடறதில்லைன்னு மார்க்கோ போலோ சொல்றாரு. குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷமும் விக்கலாம்! துறைமுகத்து வதந்தியாக்கூட இருக்கலாம். ஆனா லாபக் கணக்கு சரியாத்தான் வருது.

இந்தக் குதிரைக் கப்பல்ல வந்தவங்க கரையில தங்கினாங்க, இங்கேயே பொண்ணு எடுத்தாங்க, பள்ளிவாசல் கட்டினாங்க, தமிழ் பேசினாங்க. வாள் வரவே இல்லையான்னா, வந்துச்சு. 1335 வாக்குல டெல்லி ஆளுநரே தனி அரசு அறிவிச்சு மதுரையில சுல்தானகம் வந்துச்சு. அங்க நடந்த கொடுமையை எழுதி வெச்சது வேற யாரும் இல்ல, உலகம் சுத்தின பயணி இப்னு பதூதா. அப்போ இருந்த சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை. சகலைன்னும் பார்க்காம எழுதினாரு. நாப்பது சொச்சம் வருஷத்துல விஜயநகரம் வந்து அதை முடிச்சுடுச்சு.

சரி, நண்பர் கேட்ட 1311-க்கே வருவோம். மாலிக் காபூர் வீரபாண்டியனைத் துரத்திக்கிட்டுப் போறாரு. எதிர்ல பாண்டியன் படையில யாரு நிக்கிறாங்க? முஸ்லிம்கள். சொல்றது மாலிக் காபூரை அனுப்பின டெல்லி சுல்தான் அலாவுத்தீன் கில்ஜியோட அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ. அவருக்கு இவங்களைக் கண்டாலே ஆகல. பாதி இந்துக்கள், மார்க்க ஒழுக்கம் இல்லாதவங்கன்னு திட்டறாரு. கலிமாங்கிற இஸ்லாமிய உறுதிமொழி சொல்லத் தெரிஞ்சதால உயிரோட விட்டோம்னு பெருமை வேற. டெல்லிப் படை வர்றதுக்கு முன்னாடியே இங்க முஸ்லிம்கள் இருந்தாங்க, பாண்டியன் சம்பளத்துல அந்தப் படைக்கு எதிராவே நின்னாங்கன்னு படையெடுத்தவன் வீட்டுப் புலவரே சாட்சி சொல்லிட்டாரு.

கொள்ளையில போன யானை 512, குதிரை 5,000னு அதே குஸ்ரோ கணக்கு வெச்சிருக்காரு. ஏமன் குதிரை, சிரியாக் குதிரைன்னு சாதி பிரிச்சே எழுதியிருக்காரு. அந்த முஸ்லிம் வீரர்கள் எத்தனை பேர், எந்த ஊர்க்காரங்கன்னு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா மனுஷன்?