ஆசிரியர் முகமும் மாணவர் பார்வையும்



விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக்கு அருகே, திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பெற்றுள்ளன. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தியின் கல்வெட்டும் அங்கே உண்டு. அதில் அவர்க்குரிய பட்டம் ‘ஆசிரிகர்’. அவர் சொன்ன பாடம் கல்லில் இல்லை. இருந்த நோன்பே பொறிக்கப்பட்டது.

சொல்லுக்கு அப்பாற்பட்ட இக்கற்பித்தலைப் பவணந்தி முனிவரும் மறந்தாரில்லை. பாடம் சொல்லும் ஆசிரியர் விரையலாகாது, வெகுளலாகாது, முகம் மலர்ந்திருத்தல் வேண்டும் என்று நன்னூற் பாயிரத்தில் விதித்தார். இலக்கண நூலில் முகத்துக்கு என்ன வேலை என வினவுவோர் வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்தறியாதவர்.

‘விரையாமை’ என்பதன் பயன் அண்மைக் காலத்தில் அளந்தறியப்பட்டது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1974இல் வெளியிட்ட ஆய்வின்படி, வினா எழுப்பிய ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடியே பொறுத்தனர். 3 விநாடியேனும் பொறுத்தபோது விடைகள் நீண்டன. வாய் திறவாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர்.

மாணவன் சித்திரப் பாவைபோல் அடங்கியிருக்க வேண்டும் என்பதும் நன்னூலின் விதியே. சிற்றூரிலிருந்து திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பேருந்தேறி வரும் பிள்ளை ஆசிரியர்முன் கண் தாழ்த்துவது வீட்டார் பழக்கிய பணிவு. நகரப் பள்ளியில் அதுவே ‘படிக்கவில்லை’ என்று பொருள்படக்கூடும். கடல் கடந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இடர் இன்னும் மிகுதி. ஆசிரியரின் கண்ணை நோக்காதவன் அமெரிக்க வகுப்பில் கவனமற்றவன் எனக் கருதப்படுவதுண்டு. தலையைப் பக்கவாட்டில் அசைத்து ‘ஆம்’ என்றால், அங்கே அது ‘இல்லை’ ஆகிவிடும்.

பிழையாகப் படித்த பார்வை அத்துடன் நிற்பதில்லை. மந்தன் என்று மனத்துள் முடிவு செய்யப்பட்ட பிள்ளையிடம் வினாக்கள் குறைகின்றன, புன்னகையும் குறைகிறது. ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவனின் தேர்ச்சியையே மாற்றுகிறது என ரோசந்தாலும் ஜேக்கப்சனும் 1968இல் எழுதினர். எவ்வளவு மாற்றுகிறது என்பதில் அறிஞரிடையே வழக்குண்டு. அம்மாற்றம் சிறிதேயாயினும், அதைச் சுமப்பது பிள்ளைதான்.

நயினார் குடும்பங்களில் ஆசிரியப் பணி ஏற்றோர் பலர். கண் தாழ்த்தி நிற்கும் பிள்ளையைக் கண்டால், எதிரே நின்று அதட்டாது அருகே சென்று வினவுக, பின்னர்ப் பொறுத்திருக்க. 3 விநாடி என்பது பஞ்ச நமஸ்காரத்தின் முதலடியை மனத்துள் ஒருமுறை நிதானமாகச் சொல்லும் நேரமே.