விமானம் எந்த ஊருக்குப் பறக்கும்?

(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



பரந்தூரில் விமான நிலையம் வந்தால் உலகத்திலுள்ள எல்லா ஊருக்கும் இங்கிருந்தே விமானம் போகும் என்று பேசிக்கொள்கிறார்கள். எந்த ஊருக்கு விமானம் விடுவது, எத்தனை மணிக்கு விடுவது என்பதை முடிவு செய்வது யார், பஸ் ரூட்டுக்கு மனுக் கொடுப்பதுபோல் இதற்கும் கொடுக்க முடியுமா என்று சுங்குவார்சத்திரத்துத் தோழர் ஒருவர் கேட்டிருந்தார். சிலர் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. நல்ல கேள்வி அது.

பழைய கதையிலிருந்து தொடங்குவோம். 1932 அக்டோபர் 15ஆம் தேதி கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் ஜே.ஆர்.டி. டாடா. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தவர் நெவில் வின்சென்ட் என்ற வெள்ளைக்காரர். கராச்சியில் ஏன் ஆரம்பித்தார்கள்? லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் கொண்டுவந்த தபால் மூட்டை அங்கேதான் இறங்கியது. அதைப் பம்பாய்க்கும் சென்னைக்கும் சேர்க்கும் காண்டிராக்ட் டாடா கம்பெனிக்குக் கிடைத்தது. ஆகவே நமது நாட்டின் அந்த ஆகாய மார்க்கம் பிறந்தது தபால் மூட்டைக்காகத்தான். எங்கே சுமை கூலி கொடுக்கிறதோ அங்கே சக்கரம் உருளும். நமது மாட்டு வண்டிக்காரருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் வண்டிக்காரருக்கு இல்லாத தடை ஒன்று விமானக் கம்பெனிக்கு உண்டு. ஒரு தேசத்தின் நிலத்துக்கு மேலேயுள்ள ஆகாயமும் அந்தத் தேசத்துக்கே சொந்தம் என்று 1944ஆம் வருஷத்துச் சிகாகோ ஒப்பந்தம் வகுத்திருக்கிறது. ஆகையால் இரண்டு சர்க்கார்கள் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டாலன்றி ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டுக்கு வியாபாரத்திற்காகப் போக முடியாது. எந்தெந்த நகரம், வாரத்தில் எத்தனை தடவை, எத்தனை இருக்கை என்பதையெல்லாம் அந்த ஒப்பந்தமே சொல்கிறது. துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்திற்கு 65 ஆயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள் என்று வரம்பு கட்டியிருந்தார்கள். அதை உயர்த்தச் சொல்லித் துபாய்த் தரப்பு வருஷக்கணக்கில் கேட்டது. இந்த உரிமை கம்பெனியின் சொத்தல்ல. தேசத்தின் சொத்து, அதாவது ஜனங்களின் சொத்து. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

உரிமை கிடைத்தபின் கம்பெனி கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறது. ஆலைத் தோழர்களுக்கு இந்த இடம் சுலபமாகப் புரியும். விமானம் என்பது கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம். இந்தியக் கம்பெனிகள் ஓட்டும் விமானங்களில் மிகப் பல குத்தகைக்கு எடுத்தவை. பறந்தாலும் நின்றாலும் மாத வாடகை ஓடும். உங்கள் ஆலையில் பிரஸ் மெஷினை மூன்று ஷிப்டும் ஓட்டுவது எதற்காகவோ, அதற்காகத்தான் விமானத்தையும் ஓயாமல் பறக்க விடுகிறார்கள். பகலில் டில்லிக்கும் பம்பாய்க்கும் போய் வந்த அதே விமானம் இரவில் மஸ்கட்டுக்குப் புறப்படும். வளைகுடாவுக்குப் போகும் நமது பிள்ளைகளை நடுநிசியில் ஏன் வரச் சொல்கிறார்கள் என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. அது இரவு ஷிப்டு, அம்மா!

இன்னொன்றும் கேளுங்கள். ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்து விமான நிலையத்தில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை விமானம் இறங்கவோ ஏறவோ கூடாது என்று 2011 முதல் தடை இருக்கிறது. சுற்றுப்புற ஜனங்கள் சத்தத்தை எதிர்த்து இயக்கம் நடத்தியும் வழக்காடியும் பெற்ற உரிமை அது. அங்கே விடியும் நேரத்தில் போய்ச் சேர்ந்து, மற்ற ஊர் விமானங்களைப் பிடிக்க வேண்டுமானால், சென்னையிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்ப வேண்டும். அந்த ஊர்க்காரர் தூக்கத்துக்குச் சட்டம் காவல் நிற்கிறது. பல்லாவரத்தான் தூக்கத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை.

எந்த விமானத்தை விடுவது என்பதும் இதே கணக்குதான். நாலு மணி நேரத் தூரமுள்ள வளைகுடாவுக்குச் சுமார் 180 பேர் நெருக்கி உட்காரும் சிறிய விமானம். ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் பெரிய விமானம். முன்பக்கம் பணக்காரர் படுத்துக்கொண்டு போவார், வயிற்றுப் பகுதியில் சரக்குப் போகும். பின்பக்கத்து நூறு இருக்கை தரும் லாபத்தை முன்பக்கத்துச் சில இருக்கைகளே தந்துவிடுவது உண்டு.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2019 அக்டோபரில் ஜப்பானின் ஏ.என்.ஏ. கம்பெனி டோக்கியோவின் நரிட்டாவிலிருந்து சென்னைக்கு வாரம் மூன்று தடவை போயிங் 787 விமானம் விட ஆரம்பித்தது. மெரினாவைப் பார்க்கவா வந்தார்கள்? ஒரகடத்திலும் சுற்று வட்டாரத்திலும் ஜப்பானியக் கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றின் அதிகாரிகள் போய் வர வேண்டும். நீங்கள் கார் செய்த காரணத்தால் அந்த மார்க்கம் திறந்தது. 2020இல் கொரோனா வந்தது, அதிகாரிகள் பிரயாணம் நின்றது, விமானமும் நின்றது.

2025ஆம் வருஷம் இதைவிடப் பெரிய காட்சியைப் பார்த்தோம். அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் சுங்க வரியை உயர்த்தக் கிளம்பினார். உடனே ஆப்பிள் கம்பெனி சென்னையிலிருந்து தனிச் சரக்கு விமானங்களை அமர்த்திச் சுமார் 600 டன் ஐபோன்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. சுமார் ஆறு விமானங்கள். போன்கள் 15 லட்சம் வரை இருக்கும் என்று கணக்கு. கால அட்டவணை கிடையாது, பிரயாணி கிடையாது. அவசரம் வந்ததும் மார்க்கம் பிறந்துவிட்டது. பாக்ஸ்கான் ஆலை ஞாயிற்றுக்கிழமையும் ஓடியது. சென்னையில் சுங்கப் பரிசோதனைக்கு ஆகும் 30 மணி நேரத்தை ஆறு மணி நேரமாகச் சுருக்கிக் கொடுத்தார்களாம். பெட்டிக்கு ஆறு மணி நேரம். ஸாம்ஸங் தொழிலாளர் சங்கத்துக்குப் பதிவுச் சீட்டுக் கிடைக்க எவ்வளவு காலம் ஆயிற்று? 2024 நடுவில் போட்ட மனு. 37 நாள் வேலைநிறுத்தம், ஹைகோர்ட்டு வழக்கு எல்லாம் கடந்து 2025 ஜனவரியில்தான் பதிவு வந்தது. சர்க்கார் கைக்கு வேகம் தெரியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

லாபக் கணக்கைத் தவிர வேறு முறையே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1953இல் விமானக் கம்பெனிகளை நாட்டுடைமை ஆக்கினார்கள். வெளிநாட்டு மார்க்கங்கள் ஏர் இந்தியாவுக்கும், உள்நாட்டு மார்க்கங்கள் இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் போயின. 1960இல் போயிங் ஜெட் விமானம் வாங்கும் அளவுக்கு ஜனங்களின் பணத்தில் அது வளர்ந்தது. 1990இல் ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தபோது, அங்கே கூலி வேலை பார்த்த நமது ஜனங்கள் உடுத்த துணியோடு பாலைவனம் தாண்டி ஜோர்டானின் அம்மான் நகருக்கு ஓடி வந்தார்கள். அவர்களில் ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துக்கும் அதிகமானோரை 488 தடவை பறந்து ஏர் இந்தியா பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தது. எந்த லாபப் புத்தகம் இந்த மார்க்கத்தைத் திறந்திருக்கும்? சர்க்கார் கையில் கம்பெனி இருந்தது, உத்தரவு போட முடிந்தது.

நிர்வாகத்தில் ஊழலும் ஊதாரித்தனமும் இருந்ததை நாங்கள் மறைக்கவில்லை. தலைக்கு மிஞ்சிய கடனில் விமானம் வாங்கியதை ஊழியர் சங்கங்களே எதிர்த்தன. ஆனால் மருந்து என்ன கொடுத்தார்கள்? 2022 ஜனவரி 27ஆம் தேதி ஏர் இந்தியாவை டாடாவிடமே ஒப்படைத்தார்கள். விலை 18 ஆயிரம் கோடி என்று தலைப்புச் செய்தி. அதில் ரொக்கம் 2,700 கோடி; மீதி 15,300 கோடி கடனை ஏற்றுக்கொள்வது. மிஞ்சிய 46 ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட கடன் சர்க்கார் கம்பெனி ஒன்றின் தலையில், அதாவது உங்கள் தலையிலும் என் தலையிலும். முன்னே சொன்ன பறக்கும் உரிமைகளும், லண்டனிலும் நியூயார்க்கிலும் இறங்கும் நேரங்களும் கம்பெனியோடு சேர்ந்து போயின.

விளைவை வளைகுடாவிலிருந்து பொங்கலுக்கு ஊர் திரும்பும் கொத்தனாரிடம் கேளுங்கள். லீவு காலம் நெருங்க நெருங்க அதே இருக்கைக்கு விலை ஏறுகிறது. சந்தையில் தக்காளிக்குக்கூட மாலையில் விலை இறங்கும். இங்கே ஏறத்தான் செய்யும். அவருக்கு வேறு வழியில்லை என்பது கணக்குப் புத்தகத்துக்குத் தெரியும்.

இனிப் பரந்தூர். 2022 ஆகஸ்டில் இடம் அறிவித்தார்கள். 13 கிராமங்கள், 5 ஆயிரம் ஏக்கருக்கு மேல், நஞ்சையும் ஏரியும் கால்வாயும் அடக்கம். வருஷத்துக்குப் பத்துக் கோடிப் பிரயாணிகள் என்பது திட்டம். ஏகனாபுரத்து ஜனங்கள் இரவுதோறும் கூடிப் போராடினார்கள், கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். மீனம்பாக்கத்தில் இடம் நெருக்கடி என்பது உண்மைதான். விமானமே வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் எந்தக் கம்பெனி எந்த மார்க்கத்தில் வரும், எத்தனை நாள் ஓட்டும் என்பது நரிட்டா விமானத்தைப் போலக் கம்பெனியின் சௌகரியம். ஏரியை மூடிவிட்டால் அதைத் திரும்ப வெட்ட முடியாது.

அந்த நிலத்தில் பட்டாதாருக்காவது பெயர் இருக்கிறது. நாற்று நட்ட பெண்ணுக்கு? 2013ஆம் வருஷத்து மத்திய நில எடுப்புச் சட்டம், நிலமில்லாவிட்டாலும் மூன்று வருஷம் அங்கே கூலி வேலை செய்து பிழைத்த விவசாயத் தொழிலாளியையும், குத்தகைக்காரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே கூறுகிறது. மாநிலச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தாலும் இந்த வாசகத்தைக் காட்டி நாம் கேட்க வேண்டும். அதிகாரி முதலில் கேட்பது சாட்சியம். ஆகவே ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நடவு, களை, அறுப்பு. எந்த வருஷம், யார் நிலம், எத்தனை நாள் என்று பெயர்வாரியாக எழுதுங்கள். அந்த நிலத்துக்காரரும் பக்கத்து வயல்காரரும் கையெழுத்துப் போடட்டும். எழுதத் தெரிந்த ஆலைத் தோழர்கள் ஷிப்டு முடிந்து ஊருக்கு இரண்டு பேராகப் போய் உதவுங்கள். அடுத்த கிராம சபையில் அதை வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் செய்யுங்கள். நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.